நாக் கிரேடு, என்.பி.ஏ., கல்லூரித் தரம்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

தமிழ்நாட்டில் ஒரு தன்னாட்சிக் கல்லூரியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். அங்கே ஐ.க்யூ.ஏ.சி. எனப்படும் உள்தர உறுதிக்குழுவின் பொறுப்பைப் பல ஆண்டுகள் பார்த்தேன். பிறகு மதிப்பீட்டாளராக வேறு கல்லூரிகளுக்கும் போயிருக்கிறேன். கல்லூரித் தரமதிப்பீடு பற்றிக் கேளுங்கள் என்றதும் பெற்றோர், மாணவர், ஆசிரியர் என்று பலரும் எழுதிவிட்டீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். பெயர், கல்லூரி விவரங்களை வேண்டுமென்றே எடுத்துவிட்டேன்.

திண்டுக்கல்லிலிருந்து ஒரு தந்தை: மகனுக்குப் பொறியியல் கலந்தாய்வு வருகிறது. ஒரு கல்லூரி வாசலில் "நாக் ஏ++" என்று பெரிய பேனர். இன்னொன்று வெறும் ஏ, ஆனால் என்.பி.ஏ. இருக்கிறது என்கிறார்கள். எதை நம்புவது மேடம்?

சார், இரண்டும் இரண்டு வேலை. நாக் என்பது யு.ஜி.சி., அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, 1994இல் தொடங்கிய தேசிய மதிப்பீட்டு, தரச்சான்று மன்றம். தலைமையிடம் பெங்களூரு. அது ஒரு கல்லூரியை முழுமையாகப் பார்த்து ஒரே கிரேடு கொடுக்கிறது. என்.பி.ஏ. எனப்படும் தேசியத் தரச்சான்று வாரியமும் அதே 1994இல், தொழில்நுட்பக் கல்வியைக் கவனிக்கும் ஏ.ஐ.சி.டி.இ.யின் கீழ் பிறந்தது. 2010இல் தனித்து இயங்கத் தொடங்கியது. அது படிப்பு படிப்பாகப் பார்க்கும். ஒரே கல்லூரியில் மெக்கானிக்கலுக்கு என்.பி.ஏ. இருக்கும், சிவிலுக்கு இருக்காது. ஆகவே "என்.பி.ஏ. பெற்ற கல்லூரி" என்று யாராவது சொன்னால், எந்தப் பிரிவுக்கு, எந்த ஆண்டு வரை என்று உடனே கேளுங்கள். என்.பி.ஏ. இணையதளத்தில் நீங்களே பார்க்கலாம். உங்கள் மகன் சேரப்போகும் பிரிவு அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்பதுதான் உங்களுக்கு முக்கியம்.

இதில் ஒரு விலக்கைச் சொல்லிவிடுகிறேன். ஒரு படிப்பில் இரண்டு ஆண்டு மாணவர் அணியாவது (பேட்ச்) படித்து வெளியே வந்த பிறகுதான் என்.பி.ஏ.வுக்கு விண்ணப்பிக்க முடியும். ஏ.ஐ. அண்ட் டேட்டா சயின்ஸ் போன்ற பிரிவுகள் நம் கல்லூரிகளில் 2020 வாக்கில்தான் தொடங்கின. அவற்றுக்குச் சான்று இல்லை என்பதை மட்டும் வைத்து மட்டம் என்று முடிவு கட்டாதீர்கள். அங்கே பாடம் நடத்துவது யார் என்று பாருங்கள்.

பேனரை விட்டுவிட்டு அறிக்கையைப் படியுங்கள் என்பதுதான் எல்லாப் பெற்றோருக்கும் நான் சொல்வது. நாக் இணையதளத்தில் ஒவ்வொரு கல்லூரிக்கும் மூன்று ஆவணங்கள் கிடைக்கும்: கல்லூரி தன்னைப் பற்றி எழுதிக் கொடுத்த எஸ்.எஸ்.ஆர்., நேரில் பார்த்த குழுவின் அறிக்கை, மதிப்பெண் தாள். மதிப்பெண் தாளில் ஏழு தலைப்புகளுக்கும் தனித்தனிப் புள்ளி போட்டிருக்கும். கட்டடம், வளாகம், நிர்வாகம் எல்லாவற்றிலும் நல்ல புள்ளி வாங்கி, கற்பித்தலில் சறுக்கியிருக்கிறதா என்று பாருங்கள். குழு அறிக்கையின் கடைசிப் பகுதியில் பலம், பலவீனம் என்று நேராகவே எழுதியிருப்பார்கள். "பிஎச்.டி. பெற்ற ஆசிரியர் குறைவு", "வேலைவாய்ப்பை மேம்படுத்த வேண்டும்" என்ற வரிகள் அங்கேதான் கிடைக்கும். இவற்றோடு அண்ணா பல்கலைக்கழகம் செமஸ்டர்தோறும் வெளியிடும் தேர்ச்சி விகிதப் பட்டியலையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு மாலை நேரம் போதும். நான்கு வருடப் படிப்புக்கு அந்த ஒரு மாலையைக் கொடுக்கலாம் சார்.

கோவை, இரண்டாம் ஆண்டு மாணவி: ஏ++, ஏ+, ஏ, இதெல்லாம் எத்தனை மதிப்பெண்ணில் வருகிறது?

நான்கு புள்ளி அளவுகோல். 3.51 முதல் 4 வரை ஏ++, 3.26 முதல் 3.50 வரை ஏ+, 3.01 முதல் 3.25 வரை ஏ. அதற்குக் கீழே பி++, பி+, பி, சி. 1.50 அல்லது அதற்கும் குறைந்தால் டி, அதாவது சான்று இல்லை. 3.25 வாங்கிய கல்லூரிக்கும் 3.26 வாங்கிய கல்லூரிக்கும் வகுப்பறையில் நீ எந்த வித்தியாசமும் காண மாட்டாய் அம்மா. விளம்பரத்தில் மட்டும் காண்பாய்.

மதுரை, ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர்: என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையும் இதுவும் ஒன்றா?

இல்லை ஐயா. என்.ஐ.ஆர்.எஃப். என்பது மத்திய அரசு 2015இல் அறிவித்து 2016 முதல் ஆண்டுதோறும் வரும் வரிசைப் பட்டியல். யார் யாருக்கு முன்னால் என்று அது சொல்லும். தரச்சான்று என்பது, வகுக்கப்பட்ட தரத்தை ஒரு கல்லூரி எட்டியதா என்று பார்ப்பது. பட்டியலில் ஒருவர் ஏறினால் இன்னொருவர் இறங்கித்தான் ஆக வேண்டும். சான்று அப்படியல்ல, நூறு கல்லூரிகளும் நன்றாக இருந்தால் நூறுக்கும் கொடுக்கலாம்.

நாமக்கல் பக்கம், சுயநிதிக் கல்லூரி உதவிப் பேராசிரியர்: மேடம், எங்கள் கல்லூரிக்கு நாக் வருகிறது. ஆறு மாதமாகப் பாடம் நடத்தவே நேரமில்லை, எல்லாம் ஃபைல் வேலை. அதைக்கூடப் பொறுத்துக்கொள்கிறேன். நடக்காத கருத்தரங்குக்கு அறிக்கையும், வராத மாணவர்களுக்கு வருகைப் பதிவும் தயாரிக்கச் சொல்கிறார்கள். மறுத்தால் வேலை போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

உங்களைப் போல எழுதியவர்கள் பலர். படிக்கும்போது எனக்குக் கோபமும் வேதனையும் வந்தன. கற்பித்தலைச் சீர்ப்படுத்த வந்த ஏற்பாடே கற்பித்தலைத் தின்கிறது என்றால் அது பெரிய அநியாயம்.

இது எப்படி இங்கே வந்து நின்றது என்று முதலில் பார்ப்போம். தொடக்கத்தில் நாக் என்றால் சக ஆசிரியர்கள் வந்து இரண்டு மூன்று நாள் தங்கிப் பார்த்துப் பேசுவார்கள். ஆளுக்கு ஆள் மதிப்பீடு மாறுகிறது என்ற குறை வந்தது, நியாயமான குறைதான். அதனால் 2017 ஜூலையில் புதிய சட்டகம் வந்தது. ஏறத்தாழ 70 விழுக்காடு எண்களாகக் கொடுக்கும் தரவு, 30 விழுக்காடு நேரில் பார்ப்பது என்று ஆயிற்று. தரவை டி.வி.வி. என்ற வெளிச் சரிபார்ப்பு சோதிக்கும். பாரபட்சத்தைக் குறைக்கவே இதைச் செய்தார்கள். ஆனால் எண்களுக்கு மதிப்பெண் என்றவுடன் எண்களைச் செய்யும் தொழில் பிறந்தது. "நாக் கன்சல்டன்ட்" என்று ஆட்கள் கிளம்பினார்கள். எந்தக் கட்டத்தில் எத்தனை நிகழ்ச்சி காட்டினால் நான்கு கிடைக்கும் என்று அவர்கள் சொல்ல, அந்த எண்ணிக்கைக்கு ஆசிரியர்கள் தாள் தயாரிக்கிறார்கள்.

இனி நீங்கள் செய்யக்கூடியது. நடக்காததற்குக் கையெழுத்துப் போடாதீர்கள். இதை ஒழுக்க போதனையாகச் சொல்லவில்லை. அந்தத் தாளில் இருப்பது உங்கள் பெயர். நாளை டி.வி.வி. அசல் புகைப்படம், சுற்றறிக்கை, பேச்சாளரின் கடிதம் என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான், நிர்வாகி அல்ல. நேரடியாக எதிர்த்துப் பேச முடியாத நிலை என்றால், "இதற்குப் பதிலாக உண்மையில் நடந்த இவற்றைக் காட்டலாம்" என்று ஒரு பட்டியலோடு போங்கள். உங்கள் துறையில் நடந்தது நீங்கள் நினைப்பதைவிட அதிகமாக இருக்கும். செய்முறைத் தேர்வில் தோற்ற பிள்ளைகளுக்கு மாலையில் தனியாகச் சொல்லிக்கொடுத்திருப்பீர்கள், ஒரு பழைய மாணவர் வந்து தன் வேலையைப் பற்றிப் பேசியிருப்பார், பாடத்திட்டத்தில் இல்லாத மென்பொருளை நான்கு பேருக்குக் கற்றுக்கொடுத்திருப்பீர்கள். யாரும் பதிவு செய்திருக்க மாட்டார்கள், அவ்வளவுதான். நடந்த அன்றே ஒரு பக்கம் எழுதி வைக்கும் பழக்கம் இருந்தால் ஆறு மாத ஃபைல் வேலையில் பாதி குறையும். ஐ.க்யூ.ஏ.சி. ஆண்டுதோறும் ஏ.க்யூ.ஏ.ஆர். என்ற ஆண்டுத் தர அறிக்கையை நாக்குக்கு அனுப்ப வேண்டும் என்ற விதியே அதற்காக வந்ததுதான். நாக் கேட்கும் ஐந்து வருடக் கதையை ஐந்தாவது வருடம் உட்கார்ந்து எழுதும் கல்லூரியில்தான் பொய்க்கு இவ்வளவு தேவை வருகிறது.

மறுத்தால் வேலை போகுமா என்பதற்கு என்னால் உறுதி கொடுக்க முடியாது. சக ஆசிரியர்கள் நான்கைந்து பேராகச் சேர்ந்து போய்ப் பேசுங்கள். தனியாகப் போகாதீர்கள்.

சென்னை, வங்கியில் பணியாற்றுபவர்: பணம் கொடுத்தால் ஏ++ கிடைக்கும் என்று எல்லோரும் பேசுகிறார்கள். உண்மையா?

2025 பிப்ரவரியில் சி.பி.ஐ. பத்துப் பேரைக் கைது செய்தது. ஆந்திராவில் உள்ள ஓர் உயர்கல்வி நிறுவனத்துக்குச் சாதகமான கிரேடு கொடுக்க லஞ்சம் வாங்கியதாக, பார்வையிடச் சென்ற நாக் குழுவின் தலைவர், உறுப்பினர்கள் மீதும், கொடுத்ததாக அந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் மீதும் வழக்கு. ரொக்கம், தங்கம், கைபேசி, லேப்டாப் என்று குற்றச்சாட்டில் இருக்கிறது. தீர்ப்புச் சொல்வது நீதிமன்றத்தின் வேலை. ஆனால் முன்னறிகுறியே இல்லாமல் வந்த விவகாரம் அல்ல இது. 2023 மார்ச்சில் நாக் செயற்குழுத் தலைவராக இருந்த பூஷண் பட்வர்தன், சில நிறுவனங்களுக்குத் தகுதியில்லாத கிரேடு கிடைத்திருக்கலாம் என்ற கவலையை எழுப்பிவிட்டுத்தான் பதவி விலகினார்.

நம் ஊரிலும் ஒன்று நடந்தது, எனக்கு அதுதான் இன்னும் பெரிய பாடம். 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைவுக் கல்லூரிகளின் ஆசிரியர் பட்டியல்களை ஒப்பிட்டுப் பார்த்தது. 353 பேர் ஒரே கல்வியாண்டில் ஒன்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேர ஆசிரியராகக் காட்டப்பட்டிருந்தார்கள். சம்பந்தப்பட்ட கல்லூரிகள் 224. பல்கலைக்கழகமும் விசாரித்து முறைகேடு நடந்ததை ஒப்புக்கொண்டது. அது இணைவு அனுமதிக்கான தரவு, நாக் தரவு அல்ல. இருந்தாலும் தாளில் மட்டும் இருக்கும் ஆசிரியர் எல்லாப் படிவத்திலும் தாளில்தான் இருப்பார்.

இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், ஆய்வுக்குழுக்கள் போய்ப் பார்த்தும் பிடிபடாதது, பட்டியல் பொதுவெளியில் இருந்ததால் பிடிபட்டது. குழுவில் யார் யார் என்பதை ரகசியமாக வைப்பதைவிட, கல்லூரி கொடுத்த தரவு முழுவதையும் எல்லோரும் பார்க்கும்படி வைப்பதுதான் ஊழலுக்கு உண்மையான தடை என்பது என் உறுதியான எண்ணம். பிள்ளைகளுக்குத் தெரியும், தங்கள் வகுப்புக்கு எந்த ஆசிரியர் வந்தார், யார் வரவே இல்லை என்று.

எல்லாக் கிரேடும் பணம் கொடுத்து வாங்கியது என்று மட்டும் சொல்லாதீர்கள் சார். நேர்மையாக உழைத்து 2.8 வாங்கிய கல்லூரிகளை நான் நேரில் அறிவேன். உங்கள் ஒரு வாக்கியம் அவர்களையும் சேர்த்து அடிக்கிறது.

தர்மபுரி, அரசு கலைக்கல்லூரி ஆசிரியர்: எங்கள் மாணவர்களில் பெரும்பாலோர் வீட்டில் முதல் பட்டதாரிகள். பாதி வகுப்புகளை நடத்துவது கௌரவ விரிவுரையாளர்கள். எங்களுக்கு பி. நகரத்தில் இருக்கும் பழைய கல்லூரிக்கு ஏ++. இந்த அளவுகோல் எங்களுக்கு நியாயமானதா?

பாதி நியாயம், பாதி அநியாயம்.

அநியாயமான பாதி எல்லோருக்கும் தெரிந்தது. அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் எத்தனை விழுக்காடு முழுநேர ஆசிரியரால் நிரம்பியிருக்கிறது என்று ஒரு கேள்வி உண்டு. அதில் உங்களுக்குப் புள்ளி போகிறது. பணியிடத்தை நிரப்பும் அதிகாரம் உங்கள் முதல்வரிடம் இல்லை, அரசிடம் இருக்கிறது. அரசு நிரப்பாததற்குக் கல்லூரி தண்டனை வாங்குகிறது. கௌரவ விரிவுரையாளர் விஷயத்தில் இன்னொரு கொடுமை. ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் அதிகபட்சம் 50,000 என்று யு.ஜி.சி. 2019இல் சொன்னது. அதில் பாதியை வாங்கிக்கொண்டு பத்துப் பதினைந்து வருடம் பாடம் நடத்தியவர்கள் நம் மாநிலத்தில் இருக்கிறார்கள். கல்லூரியைத் தாங்குபவர்கள் அவர்கள்தான்.

இப்போது மற்ற பாதி. இணைவுக் கல்லூரிக்கு ஆயிரம் மதிப்பெண்ணில் கற்றல், கற்பித்தல், மதிப்பீட்டுக்கு மட்டும் 350. ஆராய்ச்சிக்குப் பல்கலைக்கழகத்துக்கு 250 என்றால் உங்களுக்கு அதில் பாதிக்கும் கீழே. அளவுகோலே உங்களை ஆராய்ச்சிக் கூடமாகப் பார்க்கவில்லை, கற்பிக்கும் இடமாகத்தான் பார்க்கிறது. இட ஒதுக்கீட்டு இடங்கள் எவ்வளவு நிரம்பின, உதவித்தொகை எத்தனை பேருக்குக் கிடைத்தது, மெதுவாகக் கற்பவர்களுக்கு என்ன செய்தீர்கள், சுற்றுக் கிராமங்களில் என்ன பணி செய்தீர்கள் என்பவற்றுக்கெல்லாம் புள்ளி உண்டு. இவற்றில் உங்களைப் போன்ற கல்லூரிகள் நகரத்துக் கல்லூரிகளைத் தாண்டிப் போகலாம். அரசுக் கல்லூரிகளின் எஸ்.எஸ்.ஆர். சிலவற்றைப் படித்திருக்கிறேன். உதவித்தொகை விவரம் அலுவலகத்தில் இருக்கும், அறிக்கையில் வராது. மேற்படிப்புக்குப் போன மாணவர் பட்டியலை யாரும் தொகுத்திருக்க மாட்டார்கள். ஆடு மேய்த்துக்கொண்டே படித்து டி.என்.பி.எஸ்.சி. தேர்வில் வென்ற பெண் ஒருத்தி எல்லோர் வாயிலும் இருப்பாள், தாளில் இருக்க மாட்டாள். பொய் எழுதுவது ஒரு குற்றம் என்றால் உண்மையை எழுதாமல் விடுவது உங்கள் பிள்ளைகளுக்குச் செய்யும் நஷ்டம்.

எனக்கு ஒரு பெரிய குறை பாக்கி இருக்கிறது. பிளஸ் டூவில் 95 விழுக்காடு வாங்கி வந்தவரை 95இலேயே வைத்திருக்கும் கல்லூரியும், 50இல் வந்தவரை 70க்குக் கொண்டுபோகும் கல்லூரியும் இருந்தால் எது நல்ல கல்லூரி? நம் முறை இதைச் சரியாக அளக்கவில்லை. சேரும்போது இருந்த நிலைக்கும் முடிக்கும்போது இருக்கும் நிலைக்கும் உள்ள தூரத்தை அளக்க வேண்டும். அது வரும் வரைக்கும் உங்கள் பி.யை வெட்கப்படாமல் சுமக்கலாம்.

திருச்சி, மூன்றாம் ஆண்டு மாணவர்: நாக்கிடமிருந்து எங்களுக்கு மின்னஞ்சல் வருமாம். எல்லாக் கேள்விக்கும் நான்கு போட வேண்டும் என்று துறைத்தலைவர் வகுப்புக்கு வந்து சொன்னார்.

அது மாணவர் மனநிறைவு ஆய்வு. இருபது கேள்விகள் தெரிவு செய்யும் வகை, கடைசியாக ஒன்று நீ விரும்பியதை எழுத. ஆசிரியர் பாடத்திட்டத்தை எவ்வளவு முடித்தார், வகுப்புக்கு எவ்வளவு தயாராக வருகிறார், மதிப்பீட்டில் நியாயமாக இருக்கிறாரா என்றெல்லாம் கேட்கும். உனக்குத் தோன்றியதைப் போடு தம்பி. உன் ஆசிரியர் நல்லவர் என்றால் நான்கு போடு, தாராளமாகப் போடு. ஆனால் அந்தக் கடைசிப் பெட்டியைக் காலியாக விடாதே. ஆய்வகத்தில் வேலை செய்யாத கருவி எது, நூலகம் எத்தனை மணிக்கு மூடுகிறது, விடுதியில் தண்ணீர் வருகிறதா என்று குறிப்பாக இரண்டு வரி எழுது. பொதுவாகத் திட்டினாலும் பொதுவாகப் புகழ்ந்தாலும் யாருக்கும் பயன் இல்லை.

சேலம், மெக்கானிக்கல் இறுதியாண்டு: வெளிநாட்டில் எம்.எஸ். படிக்க வாஷிங்டன் உடன்படிக்கை உதவுமா? எங்கள் கல்லூரியில் அதைச் சொல்லித்தான் சேர்த்தார்கள்.

பொறியியல் படிப்புகளின் தரச்சான்றை நாடுகள் பரஸ்பரம் ஏற்கும் உடன்படிக்கை அது. இந்தியா 2014 ஜூனில் அதில் முழு உறுப்பினர் ஆனது. இந்தியா சார்பில் அதில் இருப்பது என்.பி.ஏ. ஆனால் அதற்குள் இரண்டு அடுக்கு உண்டு. தன்னாட்சி நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும் டயர் ஒன்று, இணைவுக் கல்லூரிகள் டயர் இரண்டு. உடன்படிக்கையின் அங்கீகாரம் டயர் ஒன்றுக்கு மட்டும்தான். உங்கள் படிப்பு எந்த அடுக்கில், நீங்கள் படித்து முடிக்கும் ஆண்டுக்குச் சான்று செல்லுபடியாகிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று, அது பெரும்பாலும் வெளிநாட்டில் தொழில்முறைப் பொறியாளராகப் பதிவு செய்யும்போது பயன்படுவது. எம்.எஸ். சேர்க்கைக்கு மதிப்பெண்ணும் பரிந்துரைக் கடிதமும்தான் பேசும். ஜெர்மனி என்றால் 2022 நவம்பர் முதல், நம் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழ் கட்டாயம், அதற்கு முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். பி.எஸ்சி., பி.காம். படித்தவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன்: அமெரிக்காவுக்கு டபிள்யு.இ.எஸ். என்ற மதிப்பீட்டு நிறுவனத்தின் மூலம் பட்டத்தை மதிப்பிடும்போது, நம் மூன்றாண்டுப் பட்டத்தை அவர்களுடைய இளநிலைப் பட்டத்துக்கு இணையாக ஏற்க, கல்லூரிக்கு நாக் ஏ இருக்கிறதா என்று பார்க்கும் வழக்கம் உண்டு. கிரேடு நேரடியாக மாணவர் கையில் பயன்படும் இடம் இது. விண்ணப்பிக்கும் முன் அவர்கள் தளத்தில் அன்றைய விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

யாழ்ப்பாணம், பல்கலைக்கழக விரிவுரையாளர்: மிஸ், எங்களிட்டையும் தரமீளாய்வு நடக்குது. சுயமதிப்பீட்டு அறிக்கை எழுதிறதிலேயே களைச்சுப்போறம். இந்தியாவில இருந்து பாக்கேக்க எங்கட முறை எப்பிடித் தெரியுது?

நான் பொறாமையோடு பார்க்கும் சில விஷயங்கள் உங்களிடம் உண்டு. முதலாவது, 2012இல் வந்த இலங்கைத் தகைமைச் சட்டகம். மூன்றாண்டுப் பட்டம் ஐந்தாம் மட்டம், நான்காண்டுச் சிறப்புப் பட்டம் ஆறாம் மட்டம் என்று எந்தப் பட்டம் எங்கே நிற்கிறது என்பது முன்பே தெளிவாகிவிட்டது. தரத்தைப் பார்க்கும் முன் எதன் தரம் என்று சொல்லிவிட்டீர்கள். இரண்டாவது, நிறுவன மீளாய்வு, கற்கைநெறி மீளாய்வு என்று இரண்டையும் ஒரே பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் தர உறுதிப் பிரிவு கவனிக்கிறது. 2015 கைநூல்களில் கற்கைநெறிக்கான எட்டு அளவுகோல்களைப் படித்தேன். அவற்றில் பாதி, பாடநெறி எப்படி வடிவமைக்கப்படுகிறது, மாணவர் எப்படிக் கணிக்கப்படுகிறார் என்று வகுப்பறைக்குள்ளேயே நிற்கின்றன. வளாகத்தில் சூரிய மின்தகடு இருக்கிறதா என்று எண்ணுவதைவிட அது எவ்வளவோ மேல். பொறியியலில் உங்கள் பொறியியலாளர் நிறுவனமும் எங்கள் என்.பி.ஏ. சேர்ந்த அதே 2014இல்தான் வாஷிங்டன் உடன்படிக்கையில் சேர்ந்தது.

கவலை என்னவென்றால், சிறிய நாடு, அரச பல்கலைக்கழகங்கள் குறைவு. இன்று உங்களை மீளாய்வு செய்பவரை நாளை நீங்கள் மீளாய்வு செய்ய நேரும். நாட்டுக்கு வெளியிலிருந்து ஒருவரையாவது ஒவ்வொரு குழுவிலும் வைத்தால் நல்லது. ஐரோப்பாவில் 2005இல் பெர்கனில் ஏற்றுக்கொண்டு 2015இல் யெரெவானில் திருத்திய பொது வழிகாட்டிகளில், குழுவில் ஒரு மாணவரும் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. உங்களுக்கும் எங்களுக்கும் அது வர வேண்டும். களைப்புக்கு ஒரு வழிதான்: அறிக்கையை ஒருவர் தலையில் கட்டாமல், அந்தந்தப் பாடத்தைப் படிப்பிக்கிறவரே அந்தந்தப் பகுதியை எழுதட்டும்.

ஈரோடு, பொறியியல் கல்லூரி ஆசிரியர்: சி.ஓ., பி.ஓ. மேப்பிங் என்று, பாடத்தின் விளைவு படிப்பின் விளைவோடு எவ்வளவு பொருந்துகிறது என்பதற்கு ஒவ்வொரு பாடத்துக்கும் 1, 2, 3 என்று கட்டம் நிரப்புகிறோம். கடைசியில் 2.31 என்று ஒரு எண் வருகிறது. யாருக்கு என்ன பயன்?

கட்டத்தை முதலில் நிரப்பிவிட்டு அதற்கேற்ப வினாத்தாளை நியாயப்படுத்தினால் யாருக்கும் பயனில்லை. திருப்பிப் போட்டுப் பாருங்கள். தெர்மோடைனமிக்ஸ் முடித்த மாணவரால் என்ன செய்ய முடிய வேண்டும் என்று நான்கு வரி எழுதுங்கள். உங்கள் போன செமஸ்டர் வினாத்தாளை எடுத்து, அந்த நான்கில் எதையெல்லாம் கேட்டிருக்கிறீர்கள் என்று குறியுங்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டு வரிகளைத் தொடவே தொட்டிருக்க மாட்டோம். வரையறை கேட்டிருப்போம், நிறுவச் சொல்லியிருப்போம். "இந்தக் கொதிகலனில் வெப்பம் எங்கே வீணாகிறது" என்று ஒரு கேள்வி இருக்காது. அந்தக் கண்டுபிடிப்புதான் பயன். 2.31 என்ற எண் ஒரு செமஸ்டரில் எதையும் சொல்லாது. மூன்று ஆண்டு தொடர்ந்து ஒரே வரியில் மாணவர்கள் விழுந்தால் அது பேசும்.

விருதுநகர், கல்லூரி முதல்வர்: இனி கிரேடே இல்லை, இரண்டே நிலை என்கிறார்கள். பத்து வருடம் உழைத்து வாங்கிய ஏ+ என்ன ஆகும்?

இஸ்ரோவின் முன்னாள் தலைவர் கே. ராதாகிருஷ்ணன் தலைமையிலான குழுவின் பரிந்துரை 2024 ஜனவரியில் ஏற்கப்பட்டது. முதலில் சான்று உண்டு அல்லது இல்லை, வாசலில் நிற்பவர்களுக்குக் காத்திருப்பு நிலை. பிறகு விருப்பமுள்ளவர்களுக்கு ஒன்று முதல் ஐந்து வரை முதிர்ச்சி நிலைகள். தரவு எல்லாம் ஒரே தேசியத் தளத்தில், ஒரே முறை.

முதல் பகுதியை நான் முழுமனதாக வரவேற்கிறேன். காரணம் ஓர் எண்ணிக்கை. 2023 ஜனவரி நிலவரப்படி 1,113 பல்கலைக்கழகங்களில் 418க்கும், 43,796 கல்லூரிகளில் 9,062க்கும்தான் நாக் சான்று இருந்தது என்று நாடாளுமன்றத்தில் சொன்னார்கள். கட்டாயம் என்று யு.ஜி.சி. விதி கொண்டுவந்து பத்தாண்டு ஆன பிறகும் ஐந்தில் ஒரு கல்லூரிதான். மீதி நான்கும் பி வருமோ சி வருமோ என்ற பயத்திலும், தயாராவதற்கான செலவை நினைத்தும் வெளியே நின்றன. அவற்றில் படிக்கும் பிள்ளைகளைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியாது. அவர்களை உள்ளே கொண்டுவர உயரம் குறைந்த வாசல் தேவை.

ஐந்து நிலைகளைப் பற்றித்தான் எனக்கு அச்சம். நிலை ஐந்து என்று நாளை பேனர் வரும். இன்னொன்று, ஒரே தளத்தில் போடும் தரவு பொய்யானால் அந்தப் பொய் எல்லா இடத்துக்கும் ஒரே நாளில் போய்ச் சேரும். கல்லூரியோடு தொடர்புடைய பலரையும் கேட்டுத் தரவைச் சரிபார்ப்பது, பொய்த் தரவுக்குத் தண்டனை என்று பரிந்துரையில் இருக்கிறது. அந்த இரண்டும் எழுத்தளவில் நின்றுவிட்டால் இந்தச் சீர்திருத்தம் தோற்றுவிடும்.

உங்கள் ஏ+ அதன் காலம் முடியும்வரை உங்களுடையது. அந்த உழைப்பில் கற்ற பழக்கங்கள் கல்லூரியில் தங்கியிருக்கின்றனவா சார்? இருந்தால் புதிய முறையில் உங்களுக்குப் புதிதாகச் செய்ய அதிகம் இருக்காது.

சென்னைப் பல்கலைக்கழக முன்னாள் மாணவர்: 2023இல் ஏ++ வாங்கியது என் பல்கலைக்கழகம். ஆறே மாதத்தில் வங்கிக் கணக்கு முடக்கம், ஓய்வூதியத்துக்குப் பணமில்லை. அப்படியானால் அந்த ஏ++க்கு என்ன பொருள்?

எனக்கும் வலித்தது. 2023 ஆகஸ்டில் 3.59 புள்ளி, 2024 பிப்ரவரியில் வருமான வரித்துறை கணக்குகளை முடக்கியது. அதே காலத்தில் துணைவேந்தர் பதவியும் காலி. நாக் பார்ப்பது கடந்த ஐந்து ஆண்டுகளை. ஆய்வுக் கட்டுரைகள், பிஎச்.டி.க்கள், பழைய துறைகளின் ஆழம், நூலகம் எல்லாம் உண்மை. 1857இல் தொடங்கிய பல்கலைக்கழகம் சேர்த்து வைத்தது அவ்வளவு சீக்கிரம் தீராது. அடுத்த ஐந்து ஆண்டுக்குச் சம்பளம் யார் கொடுப்பார், காலியான பேராசிரியர் இடங்களை யார் நிரப்புவார் என்பதற்கு எந்தக் கிரேடும் உத்தரவாதம் இல்லை. அது அரசுகள் செய்ய வேண்டிய வேலை. ஏ++ வாங்கிவிட்டார்களே என்று மானியத்தைக் குறைக்க அதைக் காரணமாக்கிவிடக் கூடாது. முன்னாள் மாணவர்கள் உரக்கக் கேட்க வேண்டியது இதைத்தான்.

தஞ்சாவூர், ஒரு தாய்: மகள் படிக்கும் கல்லூரியின் இணையதளத்தில் நீங்கள் சொன்ன அறிக்கைகள் எதுவும் இல்லையே அம்மா?

முதலில் நாக் தளத்தில் கல்லூரியின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். சான்று பெற்ற கல்லூரி என்றால் அங்கே இருக்கும். அங்கேயும் இல்லையென்றால், சான்று உண்டு என்று அவர்கள் சொல்வதையே சந்தேகிக்கலாம். இருந்தால், எஸ்.எஸ்.ஆரையும் ஆண்டு அறிக்கைகளையும் தங்கள் தளத்தில் வைப்பது கல்லூரியின் கடமை. முதல்வருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள், ஐ.க்யூ.ஏ.சி. ஒருங்கிணைப்பாளருக்கும் நகல் போடுங்கள். அரசு அல்லது அரசு உதவிபெறும் கல்லூரி என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் வர வேண்டும். அறிக்கை கிடைத்ததும் ஆசிரியர் பட்டியலை எடுத்து மகளிடம் கொடுங்கள். தன் துறையில் அந்தப் பெயர்களில் யார் யாரைப் பார்த்திருக்கிறாள் என்று அவள் டிக் போட்டுக் கொடுப்பாள்.